நல்லதண்ணீரின் தடத்தில்: குடாநாட்டு இடிபாடுகளை நடந்து காணும் முறை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் நடைப்பயணம் என்றதும், அங்கே ஏறுவதற்கு என்ன மலை இருக்கிறது, நுழைவதற்கு என்ன காடு இருக்கிறது என்று கேட்பவர்களே அதிகம். கேள்வி நியாயமானது. குடாநாட்டு நிலம் தட்டையானது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. காடு என்று சொல்லத்தக்கவை கரையோரச் சவுக்கந்தோப்புகளும் பனங்கூடல்களும் முட்பற்றைகளும் கடனீரேரி ஓரத்துக் கண்டல்களுமே. இடிபாடுகளும் அநுராதபுரத்துத் தூபிகளைப் போலத் தொலைவிலிருந்தே கண்ணை இழுப்பவை அல்ல. இடுப்பளவு நிற்கும் ஒரு சுவர், மணலில் பாதி புதைந்த ஒரு வாசல், பனையடியில் சிதறிய ஓட்டுத்துண்டுகள், இவ்வளவுதான். மலைநாட்டில் நடப்பவருக்கு முகடு வழிகாட்டும். ஆற்று நாட்டில் நடப்பவருக்குக் கரை வழிகாட்டும். இரண்டும் இல்லாத இந்த மண்ணில் வழிகாட்டுவது நல்லதண்ணீர் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். எங்கே நல்லதண்ணீர் ஊறியதோ அங்கே மனிதர் தங்கினர். தங்கிய இடத்தில் கோயிலும் விகாரையும் கோட்டையும் எழுந்தன. ஆகவே வீதியிலிருந்து இடிபாட்டுக்கு ஆகக் குறுகிய வழி எது என்று பார்க்காமல், கடலிலிருந்து கிணற்றுக்கும் கிணற்றிலிருந்து இடிபாட்டுக்கும் செல்லும் வழியைத் தெரிந்தெடுங்கள். அப்படி நடந்தால், வாகனத்தில் வந்து இறங்குபவருக்கு வெறும் சுவராகத் தெரிவது உங்களுக்கு ஓர் ஊரின் எச்சமாகத் தெரியும்.

நிலத்துக்குக் கீழே ஒரு குளம்

இந்த வாதத்தின் அடி நிலத்துக்குக் கீழே இருக்கிறது. குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் அமர்ந்திருக்கிறது. ஆண்டு மழையின் பெரும் பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த நீர் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, கீழே உள்ள உவர்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. நன்னீர் கடல்நீரை விட இலேசானது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கொள்கையளவில் கீழே 40 அடி வரை அது உவரைத் தள்ளி வைத்திருக்கும். மாறாகச் சொன்னால், மேலே 1 அடி குறைந்தால் கீழிருந்து உவர் பல அடி ஏறிவிடும். புத்தூர்ப் பக்கத்து நிலவரைக் கிணற்றில் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவராகவும் இருப்பது இந்த ஏற்பாட்டைக் கண்முன்னே காட்டுகிறது. கரையோர மணற்குன்றுகளும் இதே வேலையைச் செய்கின்றன. மணல் மழையைக் கணத்தில் உறிஞ்சிக்கொள்ளும். வெயிலுக்கு எளிதில் விட்டுக்கொடுக்காது. அதனால்தான் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில்கூட மணலைத் தோண்டிப் பூவல் போட்டால் குடிக்கத்தக்க தண்ணீர் ஊறுகிறது. ஆனால் நன்னீர் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. ஓர் ஒழுங்கையின் இந்தப் பக்கக் கிணறு இனிக்கும், அந்தப் பக்கக் கிணறு கரிக்கும். இந்த வேறுபாடுதான் குடியிருப்பின் வரைபடம்.

சான்றுகளைப் பாருங்கள். குடாநாட்டில் ஆறு என்ற பெயர் தாங்கி நிற்பது மழைக்காலத்தில் மட்டும் நீர் கொள்ளும் வழுக்கையாறு. அதன் அருகே இருக்கிறது கந்தரோடை. 1917இல் போல் ஈ. பீரிஸ் அகழ்ந்து வெளிக்கொணர்ந்த சிறு தூபிகளின் கூட்டமும், 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் அகழ்வில் கிடைத்த பெருங்கற்காலப் பண்பாட்டுத் தடயங்களும் அங்கேதான். நல்லூரில் அரசிருக்கையின் எச்சம் தேடுபவருக்குக் கிடைக்கும் மிக உறுதியான அடையாளங்களில் ஒன்று, ‘ப’ வடிவில் வெட்டிய யமுனா ஏரி. அரண்மனைச் சுவர்கள் போய்விட்டன, குளம் நிற்கிறது. கீரிமலையில் கடல் அலைக்கு அருகிலேயே சுண்ணாம்புக்கல்லின் ஊடாக நன்னீர் பொங்குகிறது. நகுலேஸ்வரம் கோயில் அதன் பக்கத்தில் அமைந்தது தற்செயலாக இருக்க முடியாது. கட்டிய கல்லைப் பின்வந்தவர்கள் பெயர்த்துக்கொண்டு போகலாம். 1621இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் தெ ஒலிவேரா நல்லூர்க் கோயிலை இடித்த பின் அதன் கற்கள் யாழ்ப்பாணக் கோட்டைக்குப் போயின என்றே வழிவழியாகச் சொல்லப்படுகிறது. கிணற்றையும் குளத்தையும் யாரும் பெயர்த்துச் செல்ல முடியாது. கல்லில்லாத இடத்திலும் ஊரின் இருப்பை நீர்நிலை காட்டிக்கொடுக்கும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கரையோர இடிபாடுகளின் இடத்தைத் தீர்மானித்தது வணிகமும் துறைமுகமும்தான், தண்ணீர் அல்ல என்பார்கள். ஊர்காவற்றுறையை எடுத்துக்காட்டுவார்கள். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கே, அதாவது ஊர்காவற்றுறைக்கே, வந்து கூட வேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலிலொரு பங்கு அரசுக்கு, மீதி உரியவருக்கு. மற்றச் சரக்குக் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி என்றும் விதிக்கிறது. அல்லைப்பிட்டிக் கரையில் 1970களில் தொல்லியலாளர் ஜோன் கார்ஸ்வெல் கண்டெடுத்த சீனப் பீங்கான் ஓடுகள் 11, 12ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. இவை துறைமுகத்தின் சான்றுகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் துறைமுகம் கப்பலை அழைக்கும். மாலுமியையும் குதிரையையும் அங்கே தங்கவைப்பது கிணறு. இதை எதிர்மறையாக நிறுவுவது அதே கடல்வழியின் நடுவே நிற்கும் கடற்கோட்டை. போர்த்துக்கேயர் கட்டிய அந்தக் கோட்டையைச் சுற்றிலும் தண்ணீர், குடிக்கத்தான் இல்லை. 1658இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டபோது உள்ளிருந்தவர்களைப் பணியவைத்தது நன்னீர்த் தட்டுப்பாடே. கைப்பற்றிய ஒல்லாந்தரும் மழைநீரைச் சேர்த்துவைக்க வழிசெய்துதான் அங்கே இருந்தனர். துறைமுகம் காரணத்தின் ஒரு பாதி. மறு பாதி தண்ணீர். நடப்பவர் இரண்டையும் இணைக்கும் வழியில் போக வேண்டும்.

மணற்காட்டிலிருந்து வல்லிபுரத்துக்கு

இந்த முறையைப் பழகிக்கொள்ள ஆகச் சிறந்த வழி வடமராட்சிக் கிழக்குக் கரையில் இருக்கிறது. மணற்காட்டில் தொடங்கி வல்லிபுரத்தில் முடியும் இந்த நடை ஏறத்தாழ 6 கிலோமீட்டர். மேலும் நடக்கத் தெம்புள்ளவர்கள் பருத்தித்துறை வரை இன்னும் 5 கிலோமீட்டர் அளவு தொடரலாம். பலரும் பருத்தித்துறையிலிருந்து தெற்கே இறங்குகிறார்கள். நான் மறுதிசையைப் பரிந்துரைப்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு. கரை வடமேற்கு நோக்கி ஓடுவதால், காலையில் மணற்காட்டிலிருந்து புறப்படுபவருக்கு வெயில் முதுகுப் பக்கம் விழும். மணலில் கால் புதையும் கடினமான பகுதி, உடம்பு களைக்கும் முன்னரே கடந்துவிடும். முடிவில் வந்து சேரும் இடத்தில் கோயிலும் மர நிழலும் ஆள் நடமாட்டமும் இருக்கும். பருத்தித்துறைக்குப் பேருந்தில் வந்து, அங்கிருந்து ஓட்டோவில் மணற்காட்டுக்குப் போய், விடிந்தும் விடியாததுமாக நடக்கத் தொடங்குவது நல்லது.

மணற்காட்டில் முதலில் பார்க்க வேண்டியது பழைய அந்தோனியார் தேவாலயத்தின் இடிபாடு. கூரையில்லாச் சுவர்கள் மணலுக்குள் ஆழ்ந்து நிற்கின்றன. கட்டடம் தாழ்ந்ததாகத் தோன்றினாலும் தாழ்ந்தது கட்டடம் அல்ல, மணல்தான் உயர்ந்தது. வாசலின் உயரத்தை இன்றைய நிலத்தோடு ஒப்பிட்டால் காற்று எவ்வளவு மணலைக் கொண்டுவந்து குவித்திருக்கிறது என்பது விளங்கும். இதையடுத்து மணற்குன்றுகளின் மேல் வளரும் செடிகளைக் கவனியுங்கள். கடலோரத்தில் முதலில் வருவது அடம்பன் கொடி. அதன் பின்னால், கையில் குத்தும் இராவணன் மீசை. இன்னும் உள்ளே தாழையும் பற்றைகளும். அதற்கும் பின்னால், நட்டு வளர்க்கப்பட்ட சவுக்கங்காடு. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று யாழ்ப்பாணத்தில் சொல்வது இந்தக் கரையில் சொல்லுக்குச் சொல் உண்மை. தனிக்கொடி ஒரு கையால் பிடுங்கப்படும். பின்னிப் படர்ந்த கொடி ஒரு குன்றையே பிடித்து நிறுத்தும். குன்று நின்றால் அதனுள் மழைநீர் நிற்கும். நீர் நின்றால் பின்னால் உள்ள ஊர் நிற்கும். ஆகவே இங்கே நடக்கும் விதி எளியது: அலை நனைத்து இறுகிய ஈரமணலிலோ, ஊரவர் கால்பட்டு உருவான ஒற்றையடிப் பாதையிலோ மட்டும் நடவுங்கள். குன்றின் சரிவில் ஏறிச் சறுக்கி இறங்குவது கொடியின் வேரை அறுக்கும். அறுந்த இடத்தில் காற்று குழி பறிக்கும். 2004 ஆழிப்பேரலை இந்தக் கரையூர்களை வாரிக்கொண்டு போனதை மணற்காட்டுக் கல்லறைகள் இன்றும் சொல்கின்றன. கடலுக்கும் ஊருக்கும் நடுவே இருக்கும் ஒவ்வொரு மணல்மேட்டின் அருமையும் அங்கே நிற்பவருக்கு விளங்காமல் போகாது.

கரையோடு வடமேற்கே போகையில் மீனவர் வாடிகளும் கரைவலை இழுக்கும் இடங்களும் வரும். கயிற்றைத் தாண்டாமல் இழுப்பவர்களுக்குப் பின்னால் சுற்றிப் போவதே முறை. கடற்படைக் காவலரண் குறுக்கிட்டால் வாதிடாமல் உள்வீதிக்கு ஏறிவிடுங்கள். வல்லிபுரத்துக்கு நேரே வந்ததும், மணல்வெளியைக் கடந்து உள்ளே திரும்புங்கள். புரட்டாசித் திருவிழாவின் முடிவில் வல்லிபுர ஆழ்வார் கடல் தீர்த்தத்துக்கு எழுந்தருளும்போது பல்லாயிரம் பேர் மணலை மிதித்துக் கடலுக்குப் போவார்கள். நீங்கள் அதே வழியில் எதிர்த்திசையாகக் கடலிலிருந்து கோயிலுக்கு வருகிறீர்கள். இந்தத் திசையில் வந்தால்தான் இடத்தின் தருக்கம் புலப்படும். முன்னே கப்பல் அணையத்தக்க கரை, நடுவே நீரைத் தேக்கிய மணற்குன்று, அதன் மறைவில் குடியிருப்பு. கோயிலைச் சுற்றிய நிலம் முழுதும் ஒரு பழைய ஊரின் மேடு. பொன்னம்பலம் இரகுபதி குடாநாட்டின் தொடக்ககாலக் குடியிருப்புகளைப் பற்றி 1987இல் வெளியிட்ட நூலில் இந்த இடம் முக்கியமானது. 1936இல் இங்கே கிடைத்த பொன்னேட்டில் பிராமி எழுத்துகள் இருக்கின்றன. வசப மன்னன் காலத்தில் அமைச்சர் ஒருவர் நாகதீவை ஆண்டதையும் விகாரை ஒன்று எழுந்ததையும் அது சொல்வதாகக் கல்வெட்டறிஞர் பரணவிதான வாசித்தார். வாசிப்பிலும் விளக்கத்திலும் பின்வந்த அறிஞர்கள் அவரோடு முரண்பட்டனர். இங்கிருந்து கிடைத்த புத்தர் சிலை ஒன்றை ஆளுநர் ஹென்றி பிளேக் 1906இல் சீயம் நாட்டு மன்னருக்குக் கொடுத்தார். இன்று இங்கே வழிபாடு விஷ்ணுவுக்கு. சமயமும் அரசும் மாறியபோதும் இடம் மாறவில்லை. காரணம் மணலுக்கு அடியில் இருக்கிறது. கோயிலுக்குள் போகும் ஆண்கள் மேற்சட்டையைக் களைய வேண்டும்; மணல் படிந்த காலைக் கழுவிவிட்டே நுழையுங்கள்.

நெடுந்தீவில் கல்லும் கிணறும்

இரண்டாவது வழி நெடுந்தீவில். குறிகட்டுவானிலிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தத் தீவில் மணலின் இடத்தை முருகைக்கல் எடுத்துக்கொள்கிறது. கதியால் வேலியும் கிடுகு வேலியும் கண்டு பழகிய கண்ணுக்கு, சாந்தின்றி அடுக்கிய முருகைக்கல் மதில்கள் ஒழுங்கைக்கு ஒழுங்கை ஓடுவது வியப்பளிக்கும். வடகரையில் இருக்கும் ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடும் அதே கல்தான். மேற்குப் பக்கத்தில் வெடியரசன் கோட்டை என்று ஊரவர் வழங்கும் இடத்தில் வட்டமான அடித்தளங்கள் தெரிகின்றன. அவற்றைச் சிறு தூபிகளின் எச்சம் என்று தொல்லியலாளர் கருதுகின்றனர். ஒரே இடத்துக்கு ஊர்மரபு ஒரு பெயரும் தொல்லியல் ஒரு விளக்கமும் தருவது முரண்பாடல்ல. நல்லதண்ணீர் அரிதாகக் கிடைக்கும் தீவில், கிடைத்த இடத்தை ஒவ்வொரு தலைமுறையும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும். ஒவ்வொன்றும் தன் பெயரைச் சேர்த்துவிட்டுப் போகும். தீவின் குதிரைகளும் இதே பாடத்தைச் சொல்கின்றன. ஐரோப்பியர் ஆட்சிக்காலத்தில் வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை இன்று காட்டுக்குதிரைகளாக வெட்டைவெளியில் மேய்கின்றன. கடும் கோடையில் அவற்றின் உயிர் தண்ணீரைப் பொறுத்தே இருக்கிறது. கோடையில் குதிரைகள் கூடும் நீர்நிலையை அண்டி உட்கார்ந்து அவற்றை மிரட்டிவிடாதீர்கள். அவற்றுக்கு மாற்று நீர்நிலை கிடையாது.

இறங்குதுறையிலிருந்து கோட்டை, பெருக்கு மரம், மேற்கே வெடியரசன் கோட்டை என்று முழுத் தீவையும் ஒரே நாளில் நடந்து திரும்புவது கடினம். போகும்போது ஓட்டோவில் மேற்குக்குச் சென்று, திரும்பி வரும்போது இறங்குதுறையை நோக்கி நடப்பது நல்ல ஏற்பாடு. கரையில் கால் வைத்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, திரும்பும் படகின் நேரத்தைக் கேட்டு உறுதிசெய்வது. படகுகள் சிலவே, கடல் குழம்பினால் அவையும் ஓடா.

பருவம், தண்ணீர், பாதுகாப்பு

தை பிற்பகுதியிலிருந்து பங்குனி வரை நடக்க உகந்த காலம். மழை ஓய்ந்திருக்கும், தரவைகளில் பசுமை மிஞ்சியிருக்கும், கிணறுகளில் நீர்மட்டம் உயர்ந்திருக்கும். சித்திரை வெயிலும், அதன் பின் வீசும் சோளகக் காற்றின் மணலும் நடையைத் தண்டனையாக்கிவிடும். ஐப்பசி முதல் மார்கழி வரை கிழக்குக் கரையில் கடல் மூர்க்கமாக இருக்கும். அலையோரம் நடப்பது ஆபத்து. எந்த மாதமானாலும் காலை 10 மணிக்குள் வெட்டைவெளியைக் கடந்துவிடுங்கள். ஆளுக்கு 3 லீற்றர் தண்ணீர் கட்டாயம். தண்ணீரைப் பின்தொடரச் சொல்லிவிட்டுத் தண்ணீரைச் சுமக்கச் சொல்வது ஏன் என்று கேட்கலாம். பழைய ஊருக்கு உயிர் தந்த கிணறு இன்றைய வழிப்போக்கருக்குக் குடிநீர் தரும் என்ற உறுதி இல்லை. உரம் மிகுந்த தோட்டப் பகுதிகளில் பல கிணறுகளில் நைத்திரேற்று அளவுக்கு மேல் இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. வீட்டார் குடிக்கும் கிணறு என்று அவர்களே சொன்னால் குடிக்கலாம். கேட்காமல் வாளியைத் தொடாதீர்கள்.

போரின் எச்சம் பற்றிய அச்சம் அடுத்த மறுப்பு. அதை இலேசாகத் தள்ளிவிட முடியாது. கிளாலி, முகமாலை, நாகர்கோவில் கோடு 2009 வரை போர்முனையாக இருந்தது. முகமாலை நாட்டின் மிகப் பெரிய கண்ணிவெடி வயல்களுள் ஒன்று. இதனால் குடாநாட்டில் நடக்கவே கூடாது என்று ஆகிவிடாது; எங்கே நிற்க வேண்டும் என்பதே தெளிவாகிறது. மேலே சொன்ன மணற்காட்டு வழியைத் தெற்கே நாகர்கோவில் நோக்கி நீட்ட வேண்டாம். சிவப்பு எச்சரிக்கைப் பலகை கண்ட இடத்தில் வந்த அடிச்சுவட்டிலேயே திரும்புங்கள். புதிய இடத்துக்குப் போகுமுன் கிராம சேவையாளரிடம் கேளுங்கள். 1938இல் சரணாலயமாகவும் 2015இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட சுண்டிக்குளத்துக்குப் போக விரும்புபவர்கள் வனசீவராசிகள் திணைக்களத்தின் வழியே போக வேண்டும். பற்றைகளிலும் கல்லிடுக்குகளிலும் விரியன் பாம்புகள் இருக்கலாம். கணுக்கால் மூடிய சப்பாத்து அணியுங்கள், கண் படாத இடத்தில் கை வைக்காதீர்கள். அவசரத்துக்கு 1990 என்ற இலவச அம்புலன்ஸ் சேவையை அழைக்கலாம். பருத்தித்துறையில் ஆதார வைத்தியசாலை இருக்கிறது.

நடப்பவரின் பொறுப்பு

கடைசி மறுப்புத்தான் கனமானது. வழிகாட்டி எழுதி ஆட்களை அழைப்பதே இந்த மென்மையான நிலத்துக்குக் கேடு இல்லையா? கூட்டம் கூட்டமாக வந்து குன்றுகளை மிதித்தால் கேடுதான். ஆனால் வடமராட்சிக் கிழக்கின் மணலுக்கு நேர்ந்திருக்கும் பெரும் கேடு நடப்பவரால் வந்ததல்ல. சட்டத்துக்குப் புறம்பாக உழவு இயந்திரத்திலும் டிப்பரிலும் மணலை அள்ளிச் செல்வதால் வந்தது. அள்ளிய ஒவ்வொரு குன்றோடும் ஒரு நீர்த்தொட்டி போகிறது. அதனடியில் இருந்த ஓடுகளும் அடுக்குக் குலைந்து போகின்றன. ஆளில்லாக் கரை என்று எண்ணப்படும் இடத்தில்தான் இந்த வேலை எளிதாக நடக்கிறது. காலை தோறும் நாலுபேர் அமைதியாக நடந்துபோகும் கரை ஆளில்லாக் கரை ஆகாது. அந்த நாலுபேரும் தம் பங்குக்கு ஒழுங்காக இருக்க வேண்டும். வல்லிபுரத்து மணலில் கிடக்கும் ஓர் ஓட்டுத்துண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வது சிறிய செயலாகத் தோன்றும். ஆனால் தொல்லியலுக்கு ஓட்டின் மதிப்பு அது கிடந்த இடத்தில்தான் இருக்கிறது. இடம்விட்டுப் பெயர்ந்த ஓடு வெறும் மண்ணாங்கட்டி. தொல்பொருள்களை எடுத்துச் செல்வது 1940ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் கட்டளைச் சட்டப்படி குற்றமும் ஆகும். படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், கிடந்ததைக் கிடந்தபடி விடுங்கள். நெடுந்தீவு மதிலிலிருந்து சரிந்த கல்லைக்கூட வேறிடத்தில் அடுக்கி வைக்க வேண்டாம்.

இவ்வளவும் செய்து ஓர் இடுப்பளவு சுவரைப் பார்க்கத்தானா என்று எவரேனும் கேட்டால், சுவரை மட்டும் பார்ப்பதானால் அது வீண் என்றே நானும் சொல்வேன். அந்தச் சுவரைக் கட்டியவர் எந்தக் கரையில் இறங்கினார், எங்கே பூவல் தோண்டினார், எந்தக் குன்றின் மறைவில் உறங்கினார் என்பதைக் காலால் அளந்தவருக்கு மட்டுமே அது பேசும். ஆகவே அடுத்த முறை ஓர் ஊரில் இறங்கி வழி கேட்கும்போது, பழைய கோட்டை எங்கே என்று தொடங்காதீர்கள். அதற்கு ஊரில் பாதிப்பேர் கையை விரிப்பார்கள். இந்த ஊரில் நல்லதண்ணிக் கிணறு எங்கே என்று கேளுங்கள். அதற்கு விடை தெரியாதவர் குடாநாட்டில் எந்த ஊரிலும் இல்லை. அந்தக் கிணற்றடியில் நின்று சுற்றிப் பாருங்கள். நீங்கள் தேடி வந்தது பெரும்பாலும் நடக்கும் தூரத்திலேயே இருக்கும்.